முன்பே போட்டு வைத்த லேப்டாப்

புதன், இரவு.

விற்கப்போகும் என் பழைய லேப்டாப்பைப் பார்க்கச் செல்லிப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி மகளோடு வந்தார். பெண் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப்பை அணைத்துவிட்டால் திரும்ப வர ஏழு நிமிடம் ஆகும். அது எனக்குத் தெரியும் என்பதால் அரை மணி முன்பே போட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து வைத்திருந்தேன்.

பெண் தொட்டதெல்லாம் சட்டென்று வந்தது. "நல்லாத்தானப்பா இருக்குது" என்றாள்.

அவர் லேப்டாப்பின் அடியில் கையை வைத்துப் பார்த்தார். நன்றாகச் சூடேறியிருந்தது.

"இப்பதான் போட்டியாம்மா?"

"ஆமாங்க, இப்பதான்." ஏன் அப்படிச் சொன்னேனோ.

அவர் மகளிடம் திரும்பினார். "சுத்தமா ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடு பாப்பா. மாடு வாங்கப் போனாலே ரெண்டு வேளை கறந்து பாத்துதான் புடிப்போம். ஒரு வேளை கறக்காம வுட்டு, மடிய பெருசா காட்டுறவங்க இருக்காங்க."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்று பேரும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். காபி போடுகிறேன் என்று உள்ளே போயிருக்கலாம். எழுந்திருக்கக் கூச்சமாக இருந்தது.

ஒருவழியாகத் திரை வெளுத்தது. "மெதுவா வருது. ஆனா வருது" என்றார். "இவளுக்கு டைப் அடிக்கத்தான? காலையில இன்னொரு வாட்டி பாத்துட்டு எடுத்துக்கறோம்மா."

பொய் என்று தெரிந்த பிறகும் வருகிறேன் என்கிறார்.

அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். காலையில் அவர் கை வைக்கும்போது அது ஜில்லென்று இருக்க வேண்டும்.