தண்ணீரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை

அன்பு மகன் பெர்ட்சிக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, தபால்காரி எதெல்கா எழுதுவது. நான் சுகம். முழங்கால்தான் படுத்துகிறது. மிளகாய் இந்த வருஷம் நன்றாகச் சிவந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது இரண்டு சரம் எடுத்துப் போ.

ரொட்டிக் கடைச் சுவரில் உன் தேர்தல் சுவரொட்டியைப் பார்த்தேன். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, எதெல்கா வாசித்துக் காட்டினாள். "வெள்ளம் வருகிறது. நாமே கரை." எல்லை தாண்டி நடந்து வருகிறவர்களைச் சொல்கிறாயாம். ரேடியோவிலும் அதையே பேசினாய். பெருமையாகத்தான் இருந்தது. திஸா ஆற்றங்கரையில் வளர்ந்த பையன் ஆற்றை வைத்தே பேசுகிறான் என்று கடையில் எல்லோரிடமும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை தேவாலய மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற மாதிரி இல்லை. எழுபதாம் வருஷ வெள்ளத்தில் அடித்த மாதிரி, விடாமல். அந்த மணி கேட்டால் நம் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மண்வெட்டியோடு கரைக்கு ஓடுவோம். நானும் ஓடினேன். கால் என்னைக் கேட்கவே இல்லை.

ஆறு மணல் தெரியக் கீழே கிடந்தது. மரங்களுக்கு நடுவிலிருந்து ஐந்து பேர் ஏறி வந்தார்கள். ஷூவெல்லாம் நனைந்திருந்தது. ஒருத்தி தோளில் குழந்தை. மணியடித்தது பக்கத்து வீட்டு வெண்டெல். "அதான் பெர்ட்சியே சொல்லிட்டானே, வெள்ளம்னு!" என்று கத்தினான். கிழவி ரோஸி விடவில்லை. "எங்கடா தண்ணி? உன் மண்டைக்குள்ளயா?" என்றாள். சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவன் மண்வெட்டியை வீசிவிட்டான். முன்னால் நின்ற வாலிபனின் கை ஒடிந்தது.

வெண்டெலைக் கெட்டவன் என்று நினைக்காதே. உன் அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். வெள்ளம் என்றால் என்ன செய்யவேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். ஆட்கள் வருகிறார்கள் என்று நீ சொல்லியிருந்தால், முதலில் வாயைத் திறந்து யார், எவர் என்று கேட்டிருப்பான். தண்ணீரிடம் யார் பெயர் கேட்கிறார்கள்?

எழுபதில் நம் வீட்டுச் சுவர் கரைந்து விழுந்தது. உனக்கு ஏழு வயது. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்த ஊருக்கு நடந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி கதவைத் திறந்து, கசகசா தூவிய சேமியாவை உன் கையில் கொடுத்தாள். வெள்ளத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறாயே, அவளை மட்டும் எங்கே விட்டாய்?

மற்ற நால்வரும் நடந்து போய்விட்டார்கள். கை ஒடிந்தவன் நம் வீட்டில், உன் கட்டிலில் இருக்கிறான். "இதை எழுத வேணாம் மாமா, யார் கைக்காவது போனா வம்பு" என்கிறாள் எதெல்கா. எழுதும்மா என்றேன்.

ஞாயிறு நீ பேசுவதற்குக் கரைமேல் வெண்டெல் மேடை போடுகிறான். ஊரே வரும். மண்வெட்டிகளை யாரும் இன்னும் கொட்டகையில் திருப்பி வைக்கவில்லை.

மேடைக்குப் போகுமுன் வீட்டுக்கு வா. மீன் குழம்பு வைக்கிறேன். அந்த வாலிபன் உன் நாற்காலியில் இருப்பான். இடது கையால் சாப்பிட இன்னும் பழகவில்லை, மேஜையெல்லாம் சிந்துகிறான். அவன் பெயரை நான் கேட்டுவிட்டேன். இதில் எழுதச் சொல்லவில்லை. நீயே கேள். பிறகு கரையேறி என்ன பேசவேண்டுமோ பேசு.

கடவுள் உன் நாவைக் காக்கட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும் அப்பா,
ஆம்ப்ருஷ்
(கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி, நானே போட்டது)