உர மூட்டைக்கு அடியில் தேங்கிய தண்ணீர்

பூண்டுலோயா தேயிலைத் தோட்டம், 1961 ஜூன் 3

இன்றும் மழை விடவில்லை. டைனமோவையும் விளக்குகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆனால் டைனமோ அறைக்குள் இப்போது உர மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். கூரை ஒழுகுகிறது. மூட்டைகள் நனைந்து, தரையெல்லாம் உரத் தண்ணீர். சுவரோரக் கம்பியின் உறை உரிந்து தொங்குகிறது. புதுக் கம்பி கேட்டு மூன்று மாதம் ஆயிற்று.

ஜூன் 5

தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கருக்குச் செய்தே காட்டினேன். லாரி பேட்டரி, சின்ன பல்பு, இரண்டு கம்பிகள். காய்ந்த உரத்தில் கம்பிகளைக் குத்தினேன்; எரியவில்லை. உரத்தைத் தண்ணீரில் கரைத்ததும் பல்பு மங்கலாக எரிந்தது.

“கறி உப்பு மாதிரிதாங்க. சோடியம் ஒரு இலத்திரனைக் குடுக்குது, குளோரின் வாங்கிக்குது. ஒண்ணு நேர் அயன், ஒண்ணு எதிர் அயன். ஒண்ணையொண்ணு இறுக்கிப் புடிச்சிக்குதுங்க. காஞ்சு கெடந்தா அசையாது. தண்ணியில பிரிஞ்சு நடமாடும்; கரண்டைச் சுமந்துக்கிட்டுப் போகும். உரத்துலயும் அப்படி ரெண்டு வகை அயன் இருக்குங்க. அந்தக் கம்பி பட்டா, தண்ணியில நிக்கிறவன் செத்துருவான்; மூட்டைய மாத்திடுங்க.”

“நீ லைட்டுக்காரனா, வாத்தியாரா? மூட்டை அங்கதான் இருக்கும். போ.”

வந்துவிட்டேன். தோட்டத்துத் துரையிடமே சொல்லியிருக்கலாமோ? சொன்னால் வேலை போகும்.

ஜூன் 8

சுவரில் கை பட்டது. சுருக்கென்றது.

மூட்டை தூக்க ஆண்டியப்பன் வெறுங்காலோடு வந்தான். “பாத்துடா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜூன் 9

ஆண்டியப்பன் போய்விட்டான்.

காலை பத்து மணி. ஒரு கை இரும்புத் தூணில், கால் அந்தத் தண்ணீரில் — சத்தங்கூட வரவில்லை. நான் ஓடிப்போய் டைனமோவை நிறுத்துறதுக்குள்ள... ஐயோ, எனக்குத் தெரியுமே! தெரிஞ்சுதானே விட்டேன்?

ஜூன் 12

ஆபீசில் விசாரணை. ‘ஆண்டியப்பன் விளையாட்டாகக் கம்பியைப் பிடித்தான்’ என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள். டீமேக்கர் பேனாவை நீட்டினார்.

“ஒனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு, கணேசு.”

கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 13

மழை.

ஜூலை 1

மூட்டைகளை வேறு கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். கம்பியும் புதிது. எனக்குச் சம்பள உயர்வு. தொழிலாளர் லயத்தை விட்டு மேட்டிலுள்ள தனி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

சாமான்களோடு ஏறும்போது ஆண்டியப்பனின் மனைவி வீரம்மா கொழுந்துக் கூடையோடு எதிரே வந்தாள். பத்து வருடமாக லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்தவள். ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள்.

பாதையை விட்டுக் கீழே இறங்கி நின்றாள்.

“போங்கய்யா” என்றாள்.