ஊரில் இல்லாத உன் அப்பா

அன்பு மகளுக்கு,

உன் அம்மா எழுதுவது. அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று இன்று காலைப் பிரார்த்தனையில் முதலில் உன்னைத்தான் வைத்தேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவும் பரிபூரண சுகம் என்று எழுதினால் அது பொய், எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. போனில் சொல்ல வந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடும், எனக்கு அழுகை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், பொட்டலம் மடித்து வந்த பத்திரிகைத் தாளை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள்தானே நான். நீ அனுப்பிய பணம் வந்தது, வரவு வைத்துவிட்டேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்திருக்கிறது, நம் வீட்டில் ஏதாவது ஒன்று ஒழுகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று குழாய்க்காரர் கிண்டல் செய்துவிட்டுப் போனார்.

முதலில் உன் மேல் உள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்துக்கொண்டு மற்றதை எழுத முடியாது. போன மாதக் கடைசியில் நீ அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினாயே, எங்களுக்கெல்லாம் தைரியம் சொல்லி வளர்த்த ஆளுப்பா நீங்க, உங்களுக்குப் போய் கவுன்சிலிங்கா, அதெல்லாம் வேண்டாம்ப்பா, மனசைத் திடமா வச்சுக்குங்க என்று. அவர் சிரித்துக்கொண்டே சரிம்மா என்றார். நீயும் நிம்மதியாக போனை வைத்திருப்பாய். அடுத்த வியாழக்கிழமை ஆலோசகரைப் பார்க்கப் போக வேண்டிய நேரத்தில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டதற்கு, "பொண்ணே சொல்லிட்டா, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு" என்றார். நீ பாசத்தில்தான் சொன்னாய், உன் பெரியப்பா உன்னைக் கூப்பிட்டு என்னென்ன ஓதியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நடந்தது முழுவதும் உனக்குத் தெரியாது, உன்னிடமும் மறைத்தோம், இப்போது தெரிந்துகொள்.

அப்பா சாவிக் கடைக்கு ஒழுங்காகப் போவதை நிறுத்தி வெகு நாளாகிறது. முதலில் தாமதமாகப் போனார், பிறகு போய் உட்கார்ந்து ஒரு பூட்டைக் கையில் வைத்தபடியே மாலை வரை இருந்துவிட்டு வந்தார், ஒரு வாடிக்கையாளருக்கு வெட்டிக் கொடுத்த சாவி சேரவில்லை என்றதும் என் கை போச்சு என்று கடையை மூடிவிட்டு வந்து படுத்தவர்தான். குளிப்பதில்லை, சவரம் இல்லை, தட்டில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். உன் பெரியப்பா வந்து பார்த்தார். தம்பிக்கு என்ன என்று கேட்கவில்லை, வெளியே என்ன சொல்வது என்றுதான் கேட்டார். மறுநாளே கடைக் கதவில் பலகை தொங்கியது, உரிமையாளர் வெளியூர் சென்றுள்ளார் என்று. நாலு பேருக்குத் தெரிந்தால் குடும்ப கௌரவம் என்ன ஆகும், ஒரு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும் என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

பலகை மாட்டுவது சுலபமாக இருந்தது மகளே, அதற்குப் பிறகு ஒரு ஆளை வீட்டுக்குள் வெளியூர்க்காரராக வைத்திருப்பதுதான் பெரும்பாடு. வாசல் பக்க ஜன்னலை அடைத்தேன். துணி காயப்போட மொட்டை மாடிக்கு அவரை விடவில்லை. யாராவது வந்தால் அவர் இருமல் கேட்காமல் இருக்க ரேடியோவைக் கூட்டி வைப்பேன், அடுத்த வீட்டம்மா எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். ஒரு நாள் அவள் பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவள் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட, பேச்சு முடியும்வரை உன் அப்பா குளியலறை இருட்டில் நின்றுகொண்டிருந்தார். சாமியிடம்கூட நான் அவரைச் சீக்கிரம் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்றுதான் வேண்டினேன், சாமியே குழம்பியிருக்கும். அப்புறம் ஒரு மதியம், நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, விலைவாசி பேசுவதுபோலச் சொன்னார். "நான் இல்லாமலே எல்லாம் நடக்குதில்ல. இப்படியே இல்லாமப் போயிட்டா உனக்கும் பாரம் குறையும்." மடித்ததை அப்படியே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று அவரை விட்டு ஒரு அடி நகரவில்லை, விடிந்ததும் யாரிடமும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் இது மனச்சோர்வு என்ற நோய், சோம்பலும் இல்லை கோழைத்தனமும் இல்லை என்றார், மாத்திரை எழுதினார், கூடவே வாரா வாரம் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். அந்த ஆலோசகர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். அப்பா என்னையும் உடன் இருக்கச் சொன்னார். நான் ஏதோ நல்ல புத்தி சொல்லுவாள் என்று காத்திருக்கிறேன், அவள் கேள்வி கேட்கிறாள், சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாள், மறுபடி கேட்கிறாள். பொறுக்க மாட்டாமல் வைத்தியத்தை எப்பம்மா ஆரம்பிப்பே என்றேன். ஆரம்பிச்சாச்சும்மா என்று சிரித்தாள். கை போச்சு என்ற கதையை அப்பா சொன்னபோது, உங்கள் கடையில் வேலை பழக ஒரு பையன் இருந்து, அவன் ஒரு சாவியைத் தப்பாக வெட்டினால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். அப்பா யோசித்து, போய்த் தூங்கிட்டு நாளைக்கு வாடான்னு சொல்லுவேன் என்றார். அந்த வார்த்தையை உங்களுக்குச் சொல்லிக்கொள்ள மட்டும் ஏன் மனசு வரவில்லை என்றாள். வழியெல்லாம் அவர் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் ஒரு சின்ன வேலை கொடுத்தாள், தினமும் காலையில் தெருமுனைவரை நடந்துவிட்டு வரவேண்டும். அப்பா நிஜமான கவலையோடு சொன்னார், "எப்படிம்மா நடக்கறது, நான்தான் ஊர்ல இல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. மெதுவாக, அப்ப எங்க இருக்கீங்க என்று கேட்டாள். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பலகையை எடு என்று அவள் சொல்லவே இல்லை, இந்தப் பொய் யாரைக் காப்பாத்துதுன்னு வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருங்க என்றாள், அவ்வளவுதான். எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. வரும் வழியிலேயே கடை வாசலில் இறங்கி, அவரையே கடைக்குள்ளிருந்து திருப்புளியை எடுத்துத் தரச் சொல்லிப் பலகையைக் கழற்றிவிட்டேன். எதிர்க்கடை லாண்டரிக்காரர் எப்ப வந்தீங்க என்று அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், எங்கேயும் போகலை, மனசுக்கு முடியாம வீட்டில இருந்தார், வைத்தியம் பார்க்கிறோம் என்று. லாண்டரிக்காரர் கையிலிருந்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, எந்த டாக்டர் அக்கா, என் தம்பிக்குக் கேட்கணும் என்றார். உன் பெரியப்பா கட்டிக் காத்த கௌரவம் இவ்வளவுதான்.

சேதி போய்ப் பெரியப்பா அன்றைக்கே வந்துவிட்டார். குடும்ப மானத்தைத் தெருவில் போட்டுவிட்டேனாம். இருபத்துநாலு மணி நேரமும் சாமி சாமி என்பாயே, சாமியிடம் நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்குப் பல்லு வலிச்சப்ப சாமி கும்பிட்டுக்கிட்டா உக்காந்திருந்தீங்க, ஓடிப்போய்ப் பிடுங்கிக்கிட்டு வந்தீங்களே" என்றேன். உள்ளே இருந்து அப்பா சிரித்த சத்தம் கேட்டது மகளே, எத்தனை நாளுக்கப்புறம். பிரார்த்தனையை நான் ஒரு வேளைகூட விடவில்லை, அந்தப் பெண் இருக்கும் இடத்துக்கு வழி காட்டியதே அந்தச் சாமிதான் என்று நான் நம்புகிறேன், நம்பாதவர்கள் அவரவர் வழியில் போகட்டும். உன் பெரியம்மா தனியாகக் கூப்பிட்டு, கணக்கு நோட்டிலாவது ஆஸ்பத்திரிப் பணத்தை இதர செலவு என்று எழுதிக்கொள், நாளைக்கு யாராவது புரட்டிப் பார்த்தால் என்றாள். நான் மருத்துவச் செலவு என்றுதான் எழுதுகிறேன், புரட்டுகிறவர்கள் தாராளமாகப் புரட்டட்டும்.

என்னிடம் தன் பேச்சு செல்லவில்லை என்றதும்தான் பெரியப்பா உன்னைப் பிடித்தார். அதற்குள் அப்பா காலையில் நடக்க ஆரம்பித்திருந்தார், பழைய பூட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி நாளுக்கு ஒன்று துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நோய் போய்விட்டது என்று சொல்லவில்லை, எழுந்திருக்கவே முடியாத காலைகள் இன்னும் வருகின்றன, வரும் என்று அந்தப் பெண்ணே முதலில் சொல்லிவிட்டாள். ஆனால் முன்பு ஒரு மோசமான நாள் வந்தால் இனிமேல் இப்படித்தான் என்பார், இப்போது இன்னிக்கு மோசம் என்கிறார். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அவர் பக்கத்திலேயே படுத்திருக்கும் எனக்குத் தெரியும். அப்படி இருக்கும்போதுதான் உன் போன்.

ஒரு வாரம் விட்டுவிட்டார். நேற்று அடுத்த வியாழன். காலையிலேயே, நான் வரலை, ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிச் சொல்லிடு என்றார். நான் சொல்லவில்லை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்றார். அந்தப் பெண் எதிரில் உங்கள் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது, நான் போய் உட்காரப் போகிறேன், எனக்கும் பேச நிறைய இருக்கிறது என்றேன். பிடிவாதத்துக்குச் சொன்ன வார்த்தை, சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது, இத்தனை மாதம் நான் யாரிடம் பேசினேன் சொல். "நீ போய் என்னத்தைச் சொல்லுவே" என்றார். உங்களைப் பற்றி இல்லாததும் பொல்லாததும்தான் என்றேன். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "இரு, சட்டை போட்டுக்கிட்டு வரேன். நீ எல்லாத்தையும் தப்பாச் சொல்லிடுவே."

உன் பெரியப்பா தெரு நடுவில் யாருடனோ நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் அவர் எதிரிலேயே நடந்து போனோம்.

இதுதான் நடந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு. தைரியமா இருங்க என்று சொல்லாதே, அவர் கஷ்டப்பட்டுச் சேர்த்துக்கொண்டிருப்பதே அதைத்தான். நான் சொன்னது தப்புப்பா, வியாழக்கிழமை போய்ட்டு வாங்க என்று சொல், உன் வாயால் கெட்டதை உன் வாய்தான் சரிசெய்ய வேண்டும். ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கு மனசு சரியில்லாத நாள் வந்தால் நல்லா இருக்கேம்மா என்று என்னை ஏமாற்றாதே, அங்கேயும் இப்படி ஒரு பெண் எங்காவது ஒரு அறையில் உட்கார்ந்திருப்பாள், தேடிப் போ. கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நீ நீடூழி வாழ வேண்டும். பெரியப்பா மறுபடி உன்னைக் கூப்பிட்டால், எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் நேரில் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடு. வீட்டில்தான் இருப்பேன், வியாழக்கிழமை தவிர.

இப்படிக்கு,
என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா