பதினோராவது எழுத்துக்கு ஓர் உள்ளி

அத்தை,

இன்று காலை பள்ளுருத்தியில் நான் ஏறியிருந்த பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. முன்னால் நின்ற ஆட்டோவில் ஒரு சுக்கு மூட்டை. சாக்கின் மேல் கறுப்பு மையில் ஆர், டி, என் என்று மூன்று எழுத்து. சுக்கு வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறியது. குனிந்து பார்த்தால், மடியில் கிடந்த என் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் இருந்த பெண் நான் ஜபம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நாகர்கோவிலிலிருந்து உங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு நான் மருமகளாக வந்தது எழுபதுகளின் நடுவில். பி.ஏ. இங்கிலீஷ் படித்த பெண் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். வந்து பார்த்தால் எனக்கு வேலை அடுக்களையில்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசக்கூடாது என்ற உங்கள் வீட்டு வழக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மாமா முன்னறையில், நான் அடுக்களையில், நடுவில் தூது போக நீங்கள். "மாமாவுக்குச் சாயா வேணுமான்னு கேளுங்கத்தை" என்பேன். நாலடி தள்ளி இருக்கிற மனுஷனுக்கு என் குரல் கேட்காதா என்ன? ஆனாலும் நீங்கள் போய்ச் சொன்னால்தான் அவர் காதில் விழுந்ததாகக் கணக்கு.

மாமா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் கைவண்டியில் போகும் சாக்குகளின் எழுத்துகளை உரக்கப் படிப்பார். ஒரு சாயங்காலம் "பி, டி, எல்" என்று படித்துவிட்டு, இந்த மூன்றும் இதே வரிசையில் உள்ளே வருகிற நீளமான இங்கிலீஷ் வார்த்தையைத் தானே தேடிக்கொண்டிருந்தார். "கேப்பிட்டல்" என்று கண்டுபிடித்து, அதற்கு மேல் நீளமாக எதுவும் இல்லை என்று முடித்தும் விட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "ஹாஸ்பிட்டல்னு சொல்லுங்கத்தை, அது ஓரெழுத்துக் கூடுதல்" என்றேன். நீங்கள் கொண்டுபோய்ச் சொன்னீர்கள். மாமா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. பிறகு, "நாளைக்கும் கேப்பேன்னு அவகிட்டச் சொல்லு" என்றார்.

அதிலிருந்து தினமும் ஆட்டம்தான். உங்களுக்கு இங்கிலீஷில் ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் அளவு பார்ப்பது நீங்கள். நான் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல விரலை மடக்குவீர்கள். மடக்கிய கையைப் பிரிக்காமல், கிண்ணம் நிறைய எண்ணெய் கொண்டுபோகிற மாதிரி முன்னறைக்கு நடப்பீர்கள். ஐந்து விரலோடு நின்றுவிட்டால் என் மேல்தான் கோபம். "இத்ரயும் சின்ன வார்த்தைக்கா மோளே என்னை நடக்க வைக்கிறே? இன்னும் கொஞ்சம் பெருசாப் பாரு" என்பீர்கள்.

ஜி, ஆர், என் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் 'இன்ஜினியரிங்' சொன்னேன். பத்து விரலும் மடங்கிய பிறகும் ஓரெழுத்து மிச்சம் நின்றது. நீங்கள் அசரவில்லை. வெங்காயக் கூடையிலிருந்து ஒரு சின்ன உள்ளியை எடுத்து உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டு போனீர்கள்.

"இதெந்தா, உள்ளி?" என்றார் மாமா.

"பதினொண்ணாவது எழுத்து. விரல் தீந்துபோச்சு."

அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அடுக்களையில் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அப்புறம்தான் பள்ளுருத்தி டுட்டோரியலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. நான் தவித்துப் போனேன் அத்தை. அடுப்புக் கரியோடு என் படிப்பும் கரியாகிப் போகும் என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு திறந்த ஒரே கதவு அது. உங்கள் மகன், "அப்பா சொன்னாச் சரி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மாமாவோ, "வீட்டுப் பொண்ணு பஸ் ஏறிப் போக வேண்டாம்" என்று ஜன்னலைப் பார்த்தே சொல்லிவிட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேச எனக்கு வழி ஏது?

அன்று சாயங்காலமும் நீங்கள் எழுத்தோடு வந்தீர்கள். "ஒண்ணும் வரலை அத்தை" என்றேன். அரைத்துக்கொண்டிருந்த தேங்காயில் என் கண்ணீர் விழுந்தது. நீங்கள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"வார்த்தை கிடக்கட்டும். உனக்குப் போகணுமா, வேண்டாமா?"

"போகணும்."

இரண்டு கையையும் மூடிக்கொண்டு போனீர்கள். நான் கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

"எத்தனை எழுத்து?" என்றார் மாமா.

"எழுத்தொண்ணும் இல்லை. திங்கக்கிழமை முதல் அவ பள்ளுருத்திக்குப் படிப்பிக்கப் போறாளாம்."

திங்கட்கிழமை என்று நான் சொல்லவே இல்லை.

"அவ சொன்னாளா, நீ சொல்றியா?"

"இத்தனை வருஷம் நான் கொண்டுவந்தது ஏதாவது என் வார்த்தையான்னு கேட்டிருக்கீங்களா? இதை மட்டும் எதுக்குக் கேக்கிறீங்க?"

மாமா குரல் இறங்கி, "பின்னே சாயங்காலம் எனக்கு யாரு பதில் சொல்லுவா?" என்றார். அந்த மனுஷனுக்கு அதுதான் பயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவ வந்து சொல்லுவா. அதுவரைக்கும் நீங்க உட்கார்ந்து யோசிங்க" என்றீர்கள்.

போனேன். தலை நரைக்கும் வரை போய்க்கொண்டே இருந்தேன். சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே எழுத்து வந்துவிடும். எண்பதுகளில் மாமா போனார். காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று கிடந்த ஒரு சாயங்காலம், நீங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்று "ஜி, ஆர், என்" என்றீர்கள். உங்களுக்கு மனப்பாடமாக இருந்தது அது ஒன்றுதான். நான் 'இன்ஜினியரிங்' என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். விரலை மடக்கி, உள்ளியும் எடுத்து, முன்னறைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றீர்கள்.

"யார்கிட்டச் சொல்ல மோளே?"

"என்கிட்டயே சொல்லுங்கத்தை."

சொன்னீர்கள். பிறகு இருவரும் அப்படியே உட்கார்ந்து அழுதோம்.

இப்போது நீங்களும் இல்லை. எனக்கு இப்போதும் எழுத்தைக் கண்டால் போதும், நீளமான வார்த்தையைத் தேடாமல் இருப்புக்கொள்ளாது. காலையில் அந்த மூட்டைக்கு முதலில் 'ரெஸ்டாரன்ட்' வந்தது. சரியாகப் பத்து, இரண்டு கையும் நிறைந்தது. இன்னும் கொஞ்சம் பெருசாப் பாரு என்று நீங்கள் காதோரம் சொன்னீர்கள். பஸ் கிளம்பி, நான் இறங்க வேண்டிய இடமும் தாண்டிப் போனபோது 'கிண்டர்கார்ட்டன்' கிடைத்தது.

பன்னிரண்டு, அத்தை. இரண்டு உள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.