ஜாய்ஸின் மவுஸுக்கு ஒரு ஹப்

11.06.2025, புதன்

காலைக் காபிக்குப் பின் ஜாய்ஸ் "தண்ணீர்" என்று எழுத முயன்றாள். திரையில் பாதிச் சொல் வந்ததும் அம்புக்குறி நின்றுவிட்டது. நான் அவள் விரலைப் பார்த்தேன். அது பந்தை உருட்டிக்கொண்டுதான் இருந்தது. அம்பு மட்டும் அசையவில்லை. பிறகு ஒரே தாவலில் திரையின் மூலைக்குப் போய் "ஔ" மீது உட்கார்ந்தது. ஒலிபெருக்கி அதையும் ஒரு சொல்லாக மதித்து உரக்க வாசித்தது. பகலில் ஜாய்ஸைக் கவனித்துக்கொள்ளும் முத்துமாரி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "அம்மா யாரக் கூப்பிடுதாவ?" என்றாள்.

ஜாய்ஸின் கண்கள் சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிலவரத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். என் மனைவிக்கு வந்திருப்பது தசைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிடும் நரம்பு நோய். உறுதியானது 03.02.2024, சனி. குரல் நின்றது இவ்வாண்டுத் தொடக்கத்தில். சார்பதிவாளர் அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதும் தேதிகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் நான். இதற்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. அவள் பேசிய கடைசிச் சொல்லைக் கேட்டபோது, அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வலது ஆள்காட்டி விரல் வேலை செய்கிறது. மவுஸின் முதுகில் ஒரு பந்து உண்டு. அதை உருட்டினால் திரையில் உள்ள எழுத்துகளின் மேல் அம்பு நகரும். ஓர் எழுத்தின் மேல் சற்றே நின்றால் அந்த எழுத்து பதியும். சொல் முடிந்ததும் கணினி அதைப் பேசும். முன்பு இருந்தது கம்பி மவுஸ். 22.03.2025 அன்று முத்துமாரி அவளைப் புரட்டிப் படுக்க வைக்கையில் கம்பி இழுபட்டுக் கணினியே கட்டிலிலிருந்து கீழே விழுந்து உடைந்தது. அதன் பிறகு பெங்களூரில் உள்ள மகள் ஏஞ்சல் கம்பியில்லாததை அனுப்பினாள்.

புதிய கணினிக்குச் செருகும் வாய் இரண்டே. மவுஸின் ரிசீவர், என் கீபோர்டின் ரிசீவர், ஒலிபெருக்கி, பாட்டுகள் உள்ள டிஸ்க் ஆகிய நான்கையும், ஒரு வாயைப் பலவாகப் பிரிக்கும் ஹப் ஒன்றில் செருகியிருக்கிறோம். குறை அந்த ஹப்பில்தான் இருக்க வேண்டும். மலிவானது, பெயர்கூட அச்சிடப்படவில்லை.

12.06.2025, வியாழன்

இன்றும் அப்படியே. "ஜெபம்" என்பதற்கு "ஜெஜெஜெ".

16.06.2025, திங்கள்

பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள மன்சூர் அலியின் கணினிக் கடைக்குப் போனேன். கடையநல்லூர்க்காரர், சவுதியில் தம்மாமில் நெடுநாள் இருந்து திரும்பியவர். கடையில் இருக்கும் ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசுவார். எல்லாவற்றையும் விளக்கினேன். இருப்பதிலேயே வேகமான ஹப்பைக் கேட்டேன்.

"உள்ள நீல நாக்கு தெரியுதா அண்ணாச்சி? அதான் ஸ்பீடு. இதுக்கு மேல வேணும்னா நாசாவுலதான் கேக்கணும்" என்றார்.

வாங்கினேன். வழக்கம்போல் அதன் அடியில் வெள்ளை நாடா ஒட்டித் தேதி எழுதினேன். நாளைக் காலை இணைக்க வேண்டும்.

19.06.2025, வியாழன்

முன்பைவிட மோசம். முன்பு நின்று நின்று நகர்ந்த அம்பு இப்போது சில சமயம் காணாமலே போகிறது. ஜாய்ஸ் பந்தை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். பேச வந்தவரின் வாயைப் பொத்துவது போன்றது இது. ஒரு முறை என்றால் பொறுக்கலாம். நாள் முழுக்க என்றால்?

27.06.2025, வெள்ளி

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஏஞ்சல் அனுப்பிய கட்டுரைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். வேகமான ஹப்பும், அதில் ஓடும் டிஸ்கும் ஒரு மின் இரைச்சலை எழுப்புகின்றன. காதுக்குக் கேட்காது. கம்பியில்லா மவுஸ் தன் ரிசீவரோடு பேசும் அதே அலைவரிசையில் அது விழுகிறது. சந்தைக்கு நடுவே இருவர் ரகசியம் பேசுவது போல. நீல நாக்கு வேகமானது என்பது உண்மை. எங்களுக்கு வேண்டியது வேகம் அல்ல, அமைதி.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். டிஸ்கைக் கழற்றியதும் அம்பு பெருமளவு சீரானது. திரும்பச் செருகினேன், தாவியது. மூன்றாம் முறையும் அப்படியே.

அந்த டிஸ்கில் இருப்பவை ஆலயப் பாடகர் குழுவின் பதிவுகள். ஜாய்ஸின் குரல் இப்போது இருக்கும் ஒரே இடம் அது. மாலை தோறும் கொஞ்சம் ஓட விடுவேன். அவளும் கேட்பாள். இதை எப்படிச் சொல்வது என்று டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அவளே எழுதினாள்: "கழட்டுங்க. அந்தப் பாட்டெல்லாம் எனக்குத் தெரியும்."

28.06.2025, சனி

மன்சூர் அலியிடம் நான் கேட்டது: பழைய வகை, கறுப்பு நாக்கு, தனியாக மின்சாரம் எடுக்கும் ஹப் ஒன்று, ரிசீவரைக் கட்டில் ஓரம் வரை கொண்டுவர ஒரு நீட்டிப்பு வயர். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஊரே புதுசு கேக்கு. நீங்க ஒருத்தர்தான் பழசக் கேட்டு வந்து நிக்கிய. இருங்க, குடோன்ல அதுமேல எலி படுத்திருக்கும், எழுப்பிவிட்டுட்டு எடுத்தாரேன்."

எலி இல்லை, தூசி மட்டும். துடைத்து, தேதி எழுதி, இணைத்துவிட்டேன்.

02.07.2025, புதன்

இன்றைய தேதியை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

வெகு காலத்துக்குப் பிறகு எங்களுக்குள் முழுமையான ஒரு சண்டை நடந்தது. கொல்லை முருங்கையில் கம்பளிப்புழு அதிகமாகிவிட்டது, வெட்டிவிடலாம் என்றேன். அம்பு தயக்கமின்றி எழுத்துக்கு எழுத்து ஓடியது.

"மரத்துல கை வச்சா ஒங்களுக்குச் சோறு இல்ல."

சோறு ஆக்குவது முத்துமாரி ஆயிற்றே என்றேன்.

"அவ என் கட்சி."

முத்துமாரி வாசலில் நின்று, "ஆமா, நான் அம்மா கட்சிதான்" என்று உறுதிப்படுத்தினாள். கணினியின் குரல் சண்டைக்குச் சற்றும் பொருந்தவில்லை. செய்தி வாசிப்பதுபோல் என்னைத் திட்டியது. அதைப் பற்றியும் ஜாய்ஸ் கருத்துச் சொன்னாள்: "இவ மெட்ராஸ்காரி. திட்டத் தெரியல."

மரம் நிற்கிறது. தோற்றவன் நான். இவ்வளவு நிறைவாக நான் தோற்றதில்லை.

21.07.2025, திங்கள்

மறுபடியும் தாமதம். மூன்று நாட்களாகக் கவனிக்கிறேன். அம்பு தாவவில்லை, இது வேறு விதம். கிளம்பத் தாமதிக்கிறது. கிளம்பினால் எழுத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. பக்கத்து எழுத்து பதிகிறது, அழிக்கிறாள், மீண்டும் தொடங்குகிறாள்.

பேட்டரி மாற்றினேன். ரிசீவரைத் தலையணைக்கு அருகில் கொண்டுவந்தேன். மாடியில் குடியிருப்பவரிடம் அவருடைய வைஃபையைச் சற்று நேரம் நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன், மரியாதையுள்ளவர், நிறுத்தினார். பயனில்லை.

கறுப்பு ஹப் பழைய சரக்கு. உள்ளே ஏதாவது துருப்பிடித்திருக்கலாம்.

06.08.2025, புதன்

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ரத வீதியைக் கடந்து கடைக்குப் போய்ச் சேருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. உலோகக் கூடு போட்ட ஹப் ஒன்றை வரவழைக்கச் சொல்லியிருந்தேன், வந்திருந்தது. மன்சூர் அலி அதை எடுத்துக் கொடுக்கத் தயங்கினார்.

"அண்ணாச்சி, ஹப்புல கோளாறு இருக்கிற மாதிரி தெரியல. திங்கக்கிழம நானே வீட்டுக்கு வந்து பாத்திருதேன். அதுவரைக்கும் வாங்காதிய."

விற்கிற பொருளை வாங்காதே என்று சொல்லும் வியாபாரியை எனக்குப் பிடிக்காது. வற்புறுத்தி வாங்கிவந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, புதிய ஹப்பை மேசைமேல் வைத்தேன். தேதி எழுத நாடாவைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி பேசியது:

"இது நல்லாருக்கு. வேகமா ஓடுது."

ஜாய்ஸ், அதை இன்னும் செருகவே இல்லையே, என்றேன். பழைய ஹப்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இது என்ன? ஏன் அப்படிச் சொன்னாள்?

11.08.2025, திங்கள்

மன்சூர் அலி சொன்னபடி வந்தார். புதிய ஹப், கறுப்பு ஹப் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகினார். பிறகு கட்டில் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்து, "அக்கா, ஒரு நிமிசம் இதக் குடுக்கியளா?" என்று கேட்டு, அவள் கையடியிலிருந்து மவுஸை மெதுவாக எடுத்தார்.

பந்தை உருட்டினார். அம்பு திரையின் நான்கு மூலைக்கும் போய்வந்தது. எழுத்து எழுத்தாகத் தன் கடையின் பெயரை எழுதினார். எங்கும் நிற்கவில்லை, எங்கும் பிந்தவில்லை. கணினி அவர் கடைப் பெயரைச் சொல்லி முடித்தது.

ஜாய்ஸ் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்சூர் அலி மவுஸை அவள் விரலடியில் திரும்ப வைத்து, விரலைப் பந்தின்மேல் சரியாகப் பொருத்தினார்.

"ரிசீவர்ல லேசா தூசி இருந்திருக்கு அண்ணாச்சி. தட்டுனேன், சரியாயிட்டு."

அவர் எதையும் தட்டவில்லை. நான் அருகிலேயே நின்றிருந்தேன்.

முத்துமாரி கொடுத்த டீயை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

12.08.2025, செவ்வாய்

இன்று அம்பைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தேன்.

14.08.2025, வியாழன்

மதிய உணவுக்குப் பின் தொடங்கினாள். வெயில் சன்னலிலிருந்து சுவருக்கு ஏறும்வரை எழுதினாள்.

"ஜூலைலயே தெரியும்."

அப்படியானால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேனா, கத்தினேனா, தெரியவில்லை. முத்துமாரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஏன் சொல்லல நீ? கிறுக்கன் மாதிரி வெயில்ல கடக் கடயா ஏறி எறங்குனேனே, படுத்துக்கெடந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா —

அவள் மீண்டும் பந்தை உருட்டத் தொடங்கினாள். பாதியில் விரல் நழுவியது. நான் எடுத்து வைத்தேன்.

"கடைக்குப் போயிட்டு வந்தா ஒங்க மொகம் நல்லாருந்துச்சு."

சற்றுப் பொறுத்து:

"இனிமே போவாதிய. இங்கன இருங்க."



29.08.2025, வெள்ளி

கண்ணசைவால் அம்பை நகர்த்தும் கருவியை ஏஞ்சல் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தாள். இரண்டு நாள் முயன்றோம். ஜாய்ஸின் இமைகள் தாழ்ந்துவிட்டதால் கருவிக்கு அவள் பார்வை பிடிபடவில்லை. ஏஞ்சல் குளியலறையில் நெடுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள். தண்ணீர் வீணாவதை நான் சொல்லவில்லை.

09.09.2025, செவ்வாய்

சனிக்கிழமையிலிருந்து விரல் இல்லை.

பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு வழி சொல்லியிருக்கிறாள். நான் எழுத்துகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் ஜாய்ஸ் கண்ணை அழுத்தி மூடுவாள். அதை எழுதிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. மின்சாரம் வேண்டாம், ஹப் வேண்டாம்.

முதல் நாள் என்பதால் திருத்தமாகவே செய்தேன். உயிர் பன்னிரண்டு, பிறகு மெய் பதினெட்டு, உயிர்மெய்க்கு இரண்டு சுற்று, ஒன்றையும் விடாமல், ஒவ்வொன்றுக்கும் உரிய இடைவெளி விட்டு. இந்த முறையில் அவள் எனக்குச் சொன்ன முதல் வாக்கியம் முடியும்போது முத்துமாரி வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"வேகமா சொல்லுங்க."

நான் சிரித்தேன். அவள் கண்களும். இப்போது தாமதம் என் பக்கம்.

13.09.2025, சனி

மவுஸ் இல்லாததால் டிஸ்கைத் திரும்பச் செருகினேன். இனி அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

30.10.2025, வியாழன்

நான்கு நாட்களாக மழை. ஜாய்ஸுக்குச் சளி. மூச்சுக்கருவி இனி பகலிலும் தேவை என்கிறார் மருத்துவர்.

எழுத்து வரிசையைக் குலைத்துவிட்டேன். அவளுக்கு அதிகம் வேண்டியவை முதலில், வேண்டாதவை கடைசியில். அலுவலகத்தில் யாராவது இப்படி அகர வரிசையைக் கலைத்திருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பு எழுதியிருப்பேன். முத்துமாரிக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவள் என்னைவிட விரைவாகச் சொல்கிறாள். ஆனால் ஜாய்ஸ் என்னிடம்தான் பேசுகிறாள்.

கடைத்தெருவில் மன்சூர் அலியைப் பார்த்தேன். ஹப்புகள் மூன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். "அக்காவுக்கு துவா செஞ்சிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி" என்றார்.

18.11.2025, செவ்வாய்

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் விழித்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பேச வேண்டும் என்று பொருள். நாற்காலியை நெருக்கமாகப் போட்டு எழுத்துகளைச் சொல்லத் தொடங்கினேன். முதலில் "நீ". பிறகு "ங்". பிறகு "க". அடுத்த எழுத்துக்குச் சற்று நேரம் எடுத்தாள். "ம".

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பாதி வரிசையில் அவள் கண் மூடியது. அந்த எழுத்தா என்று கேட்டேன். திறக்கவில்லை. குனிந்து பார்த்தேன்: மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. உறங்கிவிட்டாள்.

"நீங்க ம" வரை தாளில் இருக்கிறது. மீதியை ஒருவாறு ஊகிக்கலாம். ஊகிக்கவில்லை. விழித்ததும் அவளே சொல்லட்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.