உன் நிறத்தில் ஒரு படம் இல்லை

அக்கா,

நாளை உன் வருஷத் திதி. உன் வீட்டு பீரோவைத் துடைக்கும்போது அந்தக் கறுப்புக் கண்ணாடி கிடைத்தது. போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். பாப்பிரெட்டிப்பட்டியின் பட்டப்பகல் சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது. பால்காரர் என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒரே பிரசவத்தில் பிறந்த நம்மை அம்மாவே மாற்றிக் கூப்பிடுவாள். நீ வாங்கவேண்டிய அடியையும் நான் வாங்கியிருக்கிறேன். அப்புறம் உன் உதட்டோரம் வெண்புள்ளி வந்து கன்னம், கழுத்து என்று பரவியது. தருமபுரி டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்து வெயிலில் நிற்கவேண்டும். பொழுது சாயும்வரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. மொட்டை மாடியில் சூரியனுக்கு முகம் காட்டி அசையாமல் நிற்பாய். கீழிருந்து பார்க்க எனக்கே கண் கூசும்.

வெள்ளையில் பொட்டுப் பொட்டாக நிறம் வந்தது. கூடவே நல்ல தோலும் கறுத்தது. மாத்திரையும் வெயிலும் சேர்ந்தால் அப்படித்தான், நிறுத்தினால் மெல்லக் குறையும் என்றார் டாக்டர். எனக்கு அழுகையாக வந்தது. நீயோ என்னை நிலைக்கண்ணாடி முன் இழுத்து நிறுத்திச் சிரித்தாய்.

"இனிமே ஒருத்தரும் உன்னய நான்னு நெனைக்க மாட்டாங்க புள்ள. இப்பத்தான் எனக்குன்னு ஒரு மொகம் வந்திருக்குது."

போட்டோ எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. உதட்டோரமும் நிறையட்டும் என்பாய். அதற்குள் காய்ச்சல் வந்து, ஒரே வாரத்தில் போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தால், மாலை போட்ட படத்துக்குள் நான் இருந்தேன். உன் கல்யாணப் படத்தில்கூடப் புள்ளி தெரிகிறதாம். உன்னைக் கட்டிய மாமா என் கல்யாணப் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து முகத்தை மட்டும் பெரிதாக்கி வாங்கியிருந்தார்.

"இது அக்கா இல்லீங்க மாமா," என்றேன்.

"ரெண்டும் ஒரே மொகந்தானே," என்றார்.

வந்தவர்கள் எல்லாம் படம் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னார்கள். உன் மகள் படத்திலிருந்த என் நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். திரும்பி, பந்தியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். பிறகு என் பக்கமே வரவில்லை.

ஆசைப்பட்டு ஒரு முகம் கிடைத்தது உனக்கு. அதையும் பிடுங்கிக்கொண்டோமே, அக்கா. அது இப்போது என் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. கண்ணை மூடினால் முதலில் என் முகம்தான் வருகிறது. நீ வரும்வரை கண்ணைத் திறக்காமல் காத்திருக்கிறேன்.