அறுபது மணி நேரம்

அன்புப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே யாரும் நலமாக இல்லை, நீயும் இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்து, கோழி கிளறியதுபோல்தான் இருக்கும். ஏழு வாரமாக நீ போனை எடுக்கவில்லை, வேறு என்ன செய்ய?

உன்னோடு வேலை செய்யும் பெண் உன் அம்மாவைக் கூப்பிட்டாளாம், அவள் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. நீ ஆய்வுக்கூடத்துக்கே போவதில்லையாம், உலை அணைந்து கிடக்கிறதாம். கதவைத் தட்டினால், “தூங்குறேன், போ” என்று உள்ளிருந்தே சொல்கிறாயாம்.

உன் அம்மா என்னிடம் பேசுவதில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். இந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து நாங்கள் போட்ட சண்டை ஒவ்வொன்றும் எனக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கிறது. ஒன்றிலும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. இதில் மட்டும் நியாயம் அவள் பக்கம். உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அவள் உனக்குச் சொல்லப் போனாள். நான்தான் போனைப் பிடுங்கினேன். “இன்னும் பதினோரு நாள்ல அவ சோதனை முடியுது, அதுவரைக்கும் மூச்சு விடாதே” என்றேன்.

உன் தகடுகளைப் பற்றி நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. காகிதம்போல மெல்லிய பீங்கான். ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் காற்று, நடுவில் மின்சாரம் பிறக்கும். எண்ணூறு டிகிரியில் இரண்டாயிரம் மணி நேரம் தாங்க வேண்டும். சூடு அதைக் கொல்லாது, அவசரமாக ஆறினால்தான் சாகும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய பூச்சு ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குச் சுருங்கி இழுக்கும் என்றாய். “இதுக்கா இத்தனை படிப்பு? எங்க சூளையைக் கேட்டிருந்தா சொல்லியிருக்குமேடி” என்று நான் கேலி செய்தேன். உன் அப்பா அன்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எட்டு நாள் மறைத்தேன். “பாப்பா எங்கம்மா?” என்று அவன் கேட்கும்போதெல்லாம், “வந்துட்டே இருக்காடா” என்றேன். பெற்றவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்? ஒன்பதாம் நாள் காலை அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்து உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு இன்னும் அறுபது மணி நேரம்தான் பாக்கி இருந்தது. அங்கே விடுமுறை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஆளில்லாமல் வாயுவைத் திறந்துவைக்கக் கூடாது. நிமிஷத்துக்கு ஒரு டிகிரியாக இறக்கினால் பதின்மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். நீ எல்லாவற்றையும் ஒரே அடியாக அணைத்துவிட்டு ஓடி வந்தாய். அவன் உயிர் போய் நாலு மணி நேரம் கழித்து வந்தாய்.

மறுபடி ஒருமுறை நீ வந்தபோது உன் அப்பாவின் அலமாரியில் வைத்துவிட்டுப் போன பெட்டியை நேற்றுத் திறந்தேன். பன்னிரண்டு தகடு. நான் வேலை பார்த்த பீங்கான் ஆலையில் செய்வதுபோல ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து நகத்தால் சுண்டிப் பார்த்தேன். நல்ல பீங்கான் மணிபோலப் பேசும். ஒன்றாவது பேசும் என்று பன்னிரண்டையும் சுண்டினேன். எல்லாம் செத்த சத்தம்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அம்மா இறந்த சேதி ஆலைக்கு வந்தது. அப்போது சூளைக் கதவு என் பொறுப்பு. மேஸ்திரி அந்தச் சேதியை இரண்டு நாள் தன் பையிலேயே வைத்திருந்தான். சூளை ஆறி, சரக்கை இறக்கிய பிறகுதான் சொன்னான். “முன்னாடியே சொல்லியிருந்தா கதவைத் திறந்து போட்டுட்டு ஓடியிருப்பே, அத்தனையும் வெடிச்சிருக்கும்” என்றான். என் அம்மா முகத்தை நான் பார்க்கவே இல்லை. அவன் வீடு நம் தெருவில்தான். அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று இத்தனை வருஷம் மூன்று தெரு சுற்றிக் கடைக்குப் போனேன். அவன் செத்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

அவன் செய்ததையே உனக்குச் செய்தேன். போனைப் பிடுங்கியபோது அவன் நினைவு துளியும் வரவில்லை. உன் முன்னேற்றம் மட்டும்தான் கண்ணில் இருந்தது. அவனுக்கும் சரக்கு மட்டும்தான் இருந்திருக்கும்.

அவனை நான் மன்னிக்கவில்லை. ஆகவே என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாயில்லை. “அப்பாவையும் இல்லாம பண்ணிட்டே, வேலையையும் இல்லாம பண்ணிட்டே” என்று நீ வாசலில் நின்று சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

போன வாரம் டாக்டர் என் நெஞ்சைப் படமெடுத்தார். ஆலைத் தூசி என்றார். பிறகு உன் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவள் அன்றைக்கு மட்டும் என்னோடு பேசினாள். “ஒண்ணுமில்லத்தே, மாத்திரை போட்டா சரியாயிடும்” என்றாள்.

நானும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவளிடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு என்ன ஆனாலும் அந்த நிமிஷமே உனக்குத் தெரிய வேண்டும், உலை எரிந்தாலும் சரி, அணைந்திருந்தாலும் சரி. வருவதும் வராததும் உன் இஷ்டம். அந்த முடிவை இந்தத் தடவை உன் கையிலிருந்து நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எழுந்து முகம் கழுவி, ஒரு வாய் சாப்பிடு. உலையை மூட்டு. என்னைத் திட்டுவதற்காவது ஒரு தடவை கூப்பிடு. எவ்வளவு நேரம் திட்டினாலும் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவைப் பெற்றவள்